சத்தம் குறைக்கப் போன நாள்

மாமனாரைக் கார் டிக்கியில் உட்கார வைத்த மருமகன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கேள்விப்பட்டவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். முதல் விஷயம், அவரை நான் உட்கார வைக்கவில்லை, அவராகத்தான் ஏறினார். இரண்டாவது தடவை யாரும் கூப்பிடாமலே ஏறினார். நாலாவது தடவை இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். இதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

என் கார் ஒரு பழைய நாலு கதவுக் கார். வெளியிலிருந்து பார்த்தால் கணக்கு வாத்தியார் யாரோ ஓய்வுபெறும்வரை ஓட்டிய வண்டி போலச் சாதுவாக இருக்கும். உள்ளே இருப்பது வேறு. ஆறு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அதில் எதையாவது கழற்றி எதையாவது மாட்டியிருக்கிறேன். எஞ்சின் ஒரு பெரிய காரிலிருந்து வந்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ ஒரு வேனிலிருந்து வந்தது. கியர்பாக்ஸ் எங்கிருந்து வந்தது என்று விற்றவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "இந்தக் காருக்கு அப்பா அம்மா யாருன்னே தெரியல" என்பாள் என் மனைவி. நான் மூன்று தெரு தள்ளி வரும்போதே வீட்டில் ஜன்னல் கண்ணாடி நடுங்கும் என்றும் சொல்வாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வந்தது வினை. வண்டித் தகுதிச் சோதனையில் சத்தம் தொண்ணூற்றிரண்டு டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. முதல் தடவை நூற்றிநாலு காட்டி என்னைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை நூற்றியொன்று. மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் பதிவை ரத்து செய்து நம்பர் பிளேட்டைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். அந்த மூன்றாவது தடவைக்குக் கடைசி நாள் அன்றுதான். மாலை நாலரைக்குச் சோதனை மையத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

என் கார், என் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். ஆனால் என் மனைவி நர்ஸ். நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்குத் தலைமை நர்ஸாக அவளுக்கு வேலை வந்திருந்தது. நாலு வருடம் காத்திருந்து, இரண்டு பரீட்சை எழுதி, ஒரு தடவை கடைசி நேரத்தில் கைநழுவி, மறுபடி முயன்று கிடைத்த வேலை. மறுநாள் காலை ஆறு மணிக்குச் சேர வேண்டும். நேரங்காலம் இல்லாமல் கூப்பிடுவார்கள் என்பதால் சொந்த வண்டி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சேரும்போதே வண்டியின் தகுதிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். எங்களிடம் இருந்த ஒரே வண்டி இதுதான். இரண்டு மாதமாக "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி இந்த நாளில் கொண்டுவந்து நிறுத்தியவனும் நான்தான்.

அதனால்தான் அன்று காலை அவள் தன் அப்பாவையும் என்னோடு அனுப்பினாள்.

"எதுக்கு, துணைக்கா?" என்று கேட்டேன்.

"காவலுக்கு" என்றாள்.

மாமனார் முப்பது வருடம் பரீட்சை அறைகளில் மேற்பார்வை செய்தவர். பிட் வைத்திருப்பவனை அவன் பேனா மூடியைக் கழற்றுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் அவருக்குப் பிடிக்க ஆள் கிடைக்காமல் பிரிட்ஜைத் திறக்கிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். காரில் ஏறியதும் கிளிப் போட்ட அட்டையை மடியில் வைத்து, ஒரு வெள்ளைத்தாளின் மேலே எழுதினார்: "நோக்கம்: சத்தத்தைக் குறைத்தல். வேறெதுவும் இல்லை." அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டார்.

பட்டறை, ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் ஒரு போர்டு எழுதும் கடைக்கும் நடுவில் இருந்தது. ஷட்டரைத் தூக்கினால் எண்ணெய் வாசனையும் சூடான ரப்பர் வாசனையும் முகத்தில் அடிக்கும். நடுத்தரையில் இரண்டு பெரிய இரும்பு உருளைகள் பாதி புதைந்து கிடக்கும். அதற்குப் பெயர் டைனோ. பின் சக்கரங்களை அந்த உருளைகள்மேல் ஏற்றி, காரை நாலு பக்கமும் பெல்ட்டால் இழுத்துக் கட்டிவிட்டால், நின்ற இடத்திலேயே நூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டலாம். எஞ்சினின் சக்தி எத்தனை குதிரை என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு கோடாக வரைந்து காட்டும். அந்தக் கோடு மேலே ஏறுவதைப் பார்த்தால் எனக்குக் குழந்தை முதல் அடி வைப்பதைப் பார்ப்பது மாதிரி இருக்கும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

பட்டறையில் இரண்டு பேர். ட்யூனர் லேப்டாப்பை எஞ்சினோடு இணைத்து, எத்தனை பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று எல்லாவற்றையும் எண்களால் மாற்றுகிறவர். ஒல்லியான மனிதர், கண்ணைச் சிமிட்டவே மாட்டார். மற்றவர் சைலன்சர் செய்கிற வெல்டர். இருபது வருடம் புகைக்குழாய்களுக்குப் பக்கத்திலேயே நின்றதில் அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. ஊரில் எல்லாருடைய சத்தத்தையும் குறைத்துக் கொடுக்கிறவர் அவர்தான். குழாயில் உள்ளங்கையை வைத்து, அதிர்வைப் பார்த்து, "நல்லா அடங்கிடுச்சு" என்பார். அவரைப் பொறுத்தவரை எல்லாமே அடங்கித்தான் இருந்தது.

"மத்ததெல்லாம் வேணாம்" என்று நான் வந்ததும் வராததுமாகச் சொன்னேன். "தொண்ணூத்திரெண்டுக்குக் கீழ கொண்டுவரணும். மூணு மணிக்கு நான் கிளம்பணும். நாளைக்கு வீட்டுக்காரி வேலைக்குச் சேரணும்."

"இவ்வளவுதானே?" என்றார் ட்யூனர். "முதல்ல இப்ப எப்படி இருக்குன்னு ஒரு ஓட்டம் பாத்துடலாம்."

பார்த்திருக்கவே கூடாது. ஆனால் பார்க்காமல் எப்படி? காரைக் கட்டினோம். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து நாலாவது கியரில் அழுத்தினேன். எஞ்சின் கத்தியது, உருளை கத்தியது, பின் சக்கரம் வழுக்கிப் புகை கிளம்பியது. ட்யூனர் கையைக் குறுக்காக ஆட்டினார்.

"பின்னாடி கனம் பத்தல. டயர் வழுக்குது. டிக்கியில யாராவது உக்காரணும்."

பட்டறைகளில் இது வழக்கம்தான். கனத்துக்கு மூட்டை தேடிக்கொண்டிருப்பதைவிட மனிதர்களை ஏற்றுவது சுலபம். வெல்டர் மறுபேச்சில்லாமல் ஏறி டிக்கியில் சம்மணம் போட்டார். ட்யூனர் அளவெடுப்பது போல மாமனாரைப் பார்த்தார்.

"ஐயா எத்தனை கிலோ?"

"எண்பத்தியாறு. எதுக்கு?"

"கரெக்டா இருக்கும்."

மாமனார் ஒரு நிமிடம் யோசித்தார். காரின் பின்பக்கத்திலிருந்து கண்காணித்தால் புகைக்குழாய் நேராகத் தெரியும் என்பது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கீழே ஜோடியாக வைத்துவிட்டு, கிளிப் அட்டையோடு ஏறினார். தலையில் காது மூடியை மாட்டிவிட்டோம். திறந்த டிக்கியில் இரண்டு பேரும் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த காட்சியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு நான் மறுபடி அழுத்தினேன்.

இருநூற்று முப்பத்தொரு குதிரை. சத்தம் நூற்றியொன்று.

வேலை ஆரம்பித்தது. வெல்டர் குழாயின் நடுவில் வெட்டி, சத்தத்தை விழுங்கும் ஒரு டப்பாவை வைத்துப் பற்றவைத்தார். மறுபடி ஓட்டம். சத்தம் தொண்ணூற்றொன்பது. நல்ல முன்னேற்றம். மாமனார் அட்டையில் குறித்துக்கொண்டார். அதே வழியில் போயிருந்தால் பதினொரு மணிக்கு வேலை முடிந்திருக்கும்.

"டப்பா வச்சதுல காத்து போற வழி மாறிடுச்சு" என்றார் ட்யூனர். "பெட்ரோல் அளவைக் கொஞ்சம் சரி பண்ணலைன்னா எஞ்சினுக்குப் பாவம்."

எஞ்சினுக்குப் பாவம் என்று ஒருவர் சொன்ன பிறகு நான் என்ன செய்வேன்? சரி பண்ணினார். அடுத்த ஓட்டத்தில் கோடு சரசரவென்று ஏறி இருநூற்று நாற்பத்துநாலில் நின்றது. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்தேன். ட்யூனர் மேஜையைத் தட்டினார். டிக்கியிலிருந்து கைத்தட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தால், தட்டுவது மாமனார்.

"பதிமூணு ஏறியிருக்கு மாப்பிள்ளை!" என்று கத்தினார். காது மூடி போட்டவர்கள் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். ஆனால் அவர் முகத்தில் இருந்தது வேறு. பிரிட்ஜ் வாசலில் என்னைப் பிடிக்கும்போதுகூட அந்தப் பளபளப்பை நான் பார்த்ததில்லை.

அந்த ஓட்டத்தில் சத்தத்தை அளக்க எல்லாரும் மறந்துவிட்டோம்.

அடுத்து தீப்பொறியின் நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளினார், ஏனென்றால் பெட்ரோல் மாறிவிட்டது. பிறகு டர்போவின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார், ஏனென்றால் தீப்பொறி மாறிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் நியாயமாகவே இருந்தது. நடுநடுவே வெல்டர் இறங்கி இன்னொரு டப்பா வைப்பார், சத்தம் ஒன்று குறையும். உடனே ட்யூனர் எதையாவது சரி பண்ணுவார், சத்தம் ஒன்றரை ஏறும். இருநூற்று நாற்பத்தொன்பது. இருநூற்று ஐம்பத்தைந்து. மாமனாரின் தாளில் சத்தத்துக்கான கட்டம் காலியாகவே இருந்தது. குதிரைகளுக்கு அவர் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார்.

பன்னிரண்டு மணி வாக்கில் பட்டறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். கழுத்தில் நீலத் துணி கட்டியிருந்தது, வாயின் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியின் நோயாளி.

"என்னாங்க சத்தம் இது?" என்றார். பாதி வாய் மரத்துப்போனதில் எச்சில் வழிந்தது. "டாட்டருக்குக் கை நடுங்குது. என் பல்லுல மிஷின வச்சுட்டு அவரு நடுங்குறாரு!"

ட்யூனர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் எத்தனை கிலோ?"

அழுத்தம் கூடக் கூட டயர் மறுபடி வழுக்க ஆரம்பித்திருந்தது. அதனால் கேட்டதில் தப்பில்லை. அந்த மனிதர் தொண்ணூற்றொரு கிலோ. சண்டை போட வந்தவர், திரையில் இருந்த கோட்டைப் பார்த்தார், குதிரைக் கணக்கைக் கேட்டார், காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு மாமனார் நகர்ந்து இடம் கொடுக்க, நீலத் துணியோடு டிக்கியில் ஏறிக்கொண்டார். ஐந்து நிமிடம் கழித்துப் பல் டாக்டர் கையுறையோடு ஓடிவந்து, "என் பேஷன்ட்டைப் பாத்தீங்களா?" என்று கேட்டபோது, டிக்கியில் மூன்று பேர் காது மூடியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே திரும்பிப் போனார். சில விஷயங்களுக்கு அவர் படித்த படிப்பில் வைத்தியம் கிடையாது.

இருநூற்று அறுபத்தெட்டு. ஆறு வருடச் சனிக்கிழமைகள் அந்தக் கோட்டின் உச்சியில் நின்றன. ட்யூனர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமனார் இறங்கி வந்து, கல்யாணத்தன்றுகூடச் செய்யாத காரியமாக, என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

"எவ்வளவு?" என்றாள் மனைவி.

"இருநூத்தி அறுபத்தெட்டு!" என்றேன்.



"டெசிபல் எவ்வளவுங்க?"

டெசிபல் மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ட்யூனர் எஞ்சினை முடுக்கினார். நூற்றி மூன்று. காலையில் வந்ததைவிட இரண்டு அதிகம்.

"கொஞ்சம்... முன்னபின்ன இருக்கு" என்றேன்.

"அப்பாகிட்ட குடுங்க."

போனை நீட்டினேன். முப்பது வருடம் திருட்டு முழிகளைப் பிடித்தவர், போனைக் காதில் வைத்துக்கொண்டு, நான் பார்த்ததிலேயே முழுமையான ஒரு திருட்டு முழி முழித்தார். "ஆமாம்மா... இல்லம்மா... நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்மா... டிக்கியிலேர்ந்து" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வர்றாளாம்" என்றார்.

மணி ஒன்றேமுக்கால். அதற்குப் பிறகு அங்கே நடந்ததை வேலை என்று சொல்ல முடியாது. வெல்டர் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் புகைக்குழாய்க்குள் திணித்தார். நோயாளி ஒரு கம்பியை வைத்துக் குத்திக் குத்தி உள்ளே தள்ளினார். முடுக்கினோம். தொண்ணூற்று மூன்று! தொண்ணூற்றிரண்டரை! நான் மீட்டரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன். அப்போது குழாய் ஒரு தும்மல் தும்மியது. சிவக்கச் சிவக்கக் காய்ந்த நார்ச் சுருள்கள் ஒவ்வொன்றாகப் பறந்து பட்டறையைக் கடந்து எதிர்ச் சுவரில் மோதி விழுந்தன. ஒன்று மாமனாரின் அட்டைமேல் விழுந்து, "நோக்கம்" என்ற வரியை மட்டும் சுத்தமாக எரித்துவிட்டது. மீட்டர் நூற்றி மூன்றுக்குத் திரும்பியது. வெல்டர் குழாயில் கையை வைத்துப் பார்த்து, "நல்லா அடங்கிடுச்சு" என்றார்.

அவள் வந்தபோது மணி இரண்டு நாற்பது. பழைய வேலையில் அன்று கடைசி நாள், அங்கே கொடுத்த பூச்செண்டு கையில் இருந்தது. வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். புகை. தரையெல்லாம் கருகிய நார். தண்ணீர் வாளியோடு புருஷன். டிக்கியில் அப்பா. அவர் பக்கத்தில் நீலத் துணி கட்டிய முன்பின் தெரியாத ஒரு மனிதர், அவளுக்கு வணக்கம் வேறு சொன்னார்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூச்செண்டை டூல் பெட்டிமேல் வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ட்யூனருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சத்தத்தை எப்படி அளப்பாங்க?" என்று கேட்டாள்.

"பின்னாடி அரை மீட்டர் தள்ளி மீட்டர் வைப்பாங்கக்கா."

"எஞ்சின் எவ்வளவு வேகத்துல சுத்தும்போது?"

"அது வண்டிக்கு வண்டி மாறும். எந்தச் சுத்துல வண்டி அதிகபட்ச சக்தி குடுக்குதோ, அதுல முக்கால் பங்கு வச்சு அளப்பாங்க. இந்த வண்டி நிமிஷத்துக்கு ஆறாயிரத்து எண்ணூறு சுத்துல குடுக்குது. அப்ப ஐயாயிரத்து நூறுல அளப்பாங்க."

"வேகமாச் சுத்தினா சத்தம் கூடுமா, குறையுமா?"

"கூடும்க்கா."

"ஆறாயிரத்து எண்ணூறு வரைக்கும் போக விடாம நிறுத்தி வைக்க முடியுமா? பாதியிலேயே?"

ட்யூனர் அன்றைக்கு முதல் தடவையாகக் கண்ணைச் சிமிட்டினார்.

"முடியும்..." என்றார். "ஒரே ஒரு நம்பர் மாத்தணும். மூவாயிரத்து அறுநூறுக்கு மேல சுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டா, ரெண்டாயிரத்து எழுநூறுல அளப்பாங்க. டர்போகூட முழிச்சுக்காது. ஆனா..."

"ஆனா?"

"ஆனா சக்தி போயிடுமேக்கா!"

அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்த அறையில் வண்டி வேலை தெரிந்த அத்தனை பேருக்கும் அந்த வழி தெரியும். எனக்குத் தெரியும், ட்யூனருக்குத் தெரியும். காலை எட்டு மணிக்கே தெரியும். ஆனால் எங்களில் ஒருவன் வாயிலும் அது வரவில்லை. வைத்தியம் கேட்டால் கழுத்தை வெட்டச் சொல்வார்களா என்று அதை ஒரு வழியாகவே நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

"அப்பா," என்றாள், "உங்களுக்குமா தோணல?"

மாமனார் காது மூடியைச் சரிசெய்துகொண்டார், கேட்காதது போல.

"மாத்துங்க" என்றாள் ட்யூனரிடம்.

ட்யூனர் அந்தப் பக்கத்தைத் திறந்தார், பழைய எண்ணை அழித்தார், மூன்று, ஆறு, பூஜ்யம், பூஜ்யம் என்று அடித்தார். பிறகு அவர் விரல் என்டர் பட்டனுக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. "நான் இதுவரைக்கும் எந்த வண்டியையும் இறக்கினதில்லக்கா" என்றார். குரல் உடைந்தது. நான் எட்டிப் பார்த்தேன், என் கையும் போகவில்லை. தண்ணீர் வாளியைப் பிடித்திருக்கிறேன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவள் எழுந்து, நர்ஸ்களுக்கே உரிய அந்தச் சலனமில்லாத கையால், என்டரை அழுத்தினாள்.

கடைசி ஓட்டம். கோடு ஒரு மேட்டில் ஏறுவது போல ஏறி, சட்டென்று நின்றுவிட்டது. நூற்றுப் பதினெட்டு குதிரை. நூற்றைம்பது குதிரைகள் ஒரே அழுத்தலில் காணாமல் போயின. நோயாளி டிக்கியிலிருந்து இறங்கி, "சேச்சே" என்று சொல்லிவிட்டுப் பல் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனார். மீட்டரில் தொண்ணூற்றொன்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பல் மிஷின் சுழல்வது கேட்டது.

"இந்த அளவை யாரும் மாத்தாம இருக்க பூட்டு போடலாமா?" என்று கேட்டாள் அவள். ட்யூனர் தலையைக் குனிந்துகொண்டு, "எட்டு இலக்கத்துல பாஸ்வேர்டு போடலாம்க்கா" என்றார். எங்கள் மூன்று பேரையும் திரும்பி நிற்கச் சொன்னாள். நானும் ட்யூனரும் வெல்டரும் சுவரைப் பார்த்து நின்றோம். மாமனாரை மட்டும் அவள் திரும்பச் சொல்லவில்லை. எட்டுத் தடவை டக் டக்கென்று சத்தம் கேட்டது.

காரை அவளே ஓட்டினாள். சோதனை மையத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு பத்து. காவலாளி கேட்டின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே சாத்தியிருந்தார். என்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பிய அதே பரிசோதகர் காரைப் பார்த்ததும் மேஜை டிராயரிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அதிகபட்ச சக்தி மூவாயிரத்து அறுநூறு சுற்றில் என்று ட்யூனர் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினேன். படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். மீட்டரை வைத்து முடுக்கச் சொன்னார். தொண்ணூற்றொன்று. மீட்டரைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு மீட்டர் கொண்டுவரச் சொன்னார். அதிலும் தொண்ணூற்றொன்று.

"இது அதே வண்டிதானா?" என்றார்.

"அதே வண்டிதான் சார்" என்றேன். சொல்லும்போது எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் பஞ்சை எடுத்துவிட்டுச் சான்றிதழில் முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் அவள் அந்தச் சான்றிதழை இரண்டு தடவை வாசித்து, நாலாக மடித்து, கைப்பையின் உள் ஜிப்பில் வைத்து மூடினாள். உடனே ஜிப்பைத் திறந்து, தாள் உள்ளேதான் இருக்கிறதா என்று மறுபடி பார்த்தாள். காலையிலிருந்து அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. என்னை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது. கூடவே அந்த நூற்றைம்பது குதிரைகளுக்காகத் துக்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது, நான் என்ன செய்ய?

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு பால் வண்டி எங்களை முந்தியது. பிறகு சைக்கிளில் ஒரு வயதான அம்மா ஏற்றத்தில் எங்கள் கூடவே கொஞ்ச தூரம் வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பின் சீட்டில் மாமனார் ஜன்னலைத் திறந்து வைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தார். என் மனைவி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"சரி, ஒரு பந்தயம். பாஸ்வேர்டு என்னன்னு சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா ஞாயித்துக்கிழமைகள்ல பழைய மாதிரி மாத்தி ஓட்டிக்குங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எட்டு இலக்கம் என்றால் தேதி, வேறென்ன? எங்கள் கல்யாணத் தேதியைச் சொன்னேன். அந்தத் தேதி எனக்கு மறக்காது, ஏனென்றால் அதை மறந்த வருடம் என்ன நடந்தது என்பது மறக்காது.

"இல்ல" என்றாள். "ஆனா அதையாவது ஞாபகம் வச்சிருக்கீங்களே."

"உன் பிறந்தநாள்."

"இல்ல."

"மாமாவோட பிறந்தநாள்."

"அப்பாவுக்கே அது சரியாத் தெரியாது."

அதற்குள் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போவது கண்முன்னே தெரிந்தது. "இந்தக் கார் வாங்கின தேதி!" என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கே உறைத்தது.

பின்னாலிருந்து மாமனார் தொண்டையைக் கனைத்தார். பரீட்சை அறையில் கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் இப்படித்தான் கனைத்திருப்பார் போல.

"மாப்பிள்ளை, அவ ரெண்டு மாசமா சமையலறைக் காலண்டர்ல ஒரு தேதியைச் சிவப்பு மையில வட்டம் போட்டு வச்சிருக்கா. நீங்க டீ போடறப்ப தினமும் அது முன்னாடிதான் நிக்கறீங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"நான் வேலைல சேர்ற தேதிங்க" என்றாள். "நாளைக்கு."

காலையிலிருந்து உருளைமேல் சுற்றியது, டப்பா வைத்தது, நார் பறந்தது, மாமனார் டிக்கியில் கிடந்தது எல்லாமே அந்த ஒரு நாளுக்காகத்தான். மற்ற எல்லாத் தேதியும் எனக்குத் தோன்றியது, இது மட்டும் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. அதைவிட, அந்த எட்டு இலக்கத்தையும் உடனே கடகடவென்று ஒப்பித்து, எனக்கும் தெரியும் என்று அவளுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்துவிட்டேன்.

திறந்த வாயோடு, நாளைக்கு என்ன தேதி என்று பார்க்கச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன்.